தவில், நாதஸ்வரக் கலைஞர்களின் நேர்காணல்களும் பழைய கசற்றுகளும்: அடுத்து எப்படிச் செய்வது?

கேள்வி: சுயாதீன ஊடகவியலாளர், கொக்குவில்

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இசை பற்றி மட்டும் எழுதிவரும் சுயாதீன ஊடகவியலாளர் நான். எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு இல்லை. வார வெளியீடுகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் கட்டுரைக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதிக் கொடுக்கிறேன். அண்மையில் செய்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இப்போது கையில் எடுத்திருக்கும் பெரிய வேலை பற்றி உங்கள் ஆலோசனையைக் கேட்க விரும்புகிறேன்.

முதலில் எழுதியது எழுபதுகளின் ஈழத்துப் பொப் பாடல்கள் பற்றிய நீண்ட கட்டுரை. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோர் பைலாவின் தாளத்தை எடுத்து அதில் நம் வீட்டுப் பேச்சை எப்படி உட்கார வைத்தார்கள், இலங்கை வானொலி அந்தப் பாடல்களைக் கடல் கடந்து எப்படிக் கொண்டுபோனது என்பதைப் பார்த்தேன். அடுத்ததாக இணுவில் ந. வீரமணி ஐயரைப் பற்றி எழுதினேன். மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மீது ரி.எம். சௌந்தரராஜன் பாடிப் புகழ்பெற்ற ‘கற்பகவல்லி’ பாடலை இயற்றியவர் இணுவிலைச் சேர்ந்தவர் என்பது தமிழ்நாட்டில் அதைப் பாடுகின்ற பலருக்குத் தெரியாது. இங்கேயும் இளைய தலைமுறையில் பலருக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்கள்தான் இந்தத் துறையிலேயே நின்று தொடர்ந்து எழுதலாம் என்ற துணிவை எனக்குத் தந்தன.

இப்போது என் நேரம் முழுவதையும் எடுத்துக்கொள்வது நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரியமேளம். இணுவில், அளவெட்டி, கோண்டாவில், சாவகச்சேரி ஆகிய ஊர்களில் மூத்த தவில், நாதஸ்வரக் கலைஞர்களைச் சந்தித்து உரையாடல்களைப் பதிவு செய்து வருகிறேன். இவற்றில் ஒரு பகுதி வாரப் பத்திரிகையில் தொடராக வெளிவந்தது. ஆனால் அச்சில் வந்ததைப் படிக்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை. அரைப் பக்கத்துக்குள் பிறந்த ஆண்டு, தந்தையின் பெயர், குருவின் பெயர், பெற்ற பட்டங்கள், போர்த்தப்பட்ட பொன்னாடைகள் ஆகியவை வந்தால் போதும் என்று ஆசிரியர் பீடம் எதிர்பார்க்கிறது. அந்த மனிதர் என்ன வாசித்தார், எப்படி வாசித்தார் என்பதற்கு அங்கே இடம் இருப்பதில்லை. தட்சிணாமூர்த்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல் பிறந்து 1975இல் மறைந்த அந்த மேதையின் தவிலைத் தமிழகத்து வித்துவான்களே வியந்து கேட்டார்கள். அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருதைப் பெற்றது. இருந்தும் நம் பத்திரிகைகளில் அவர் பற்றி வந்தவற்றுள் பெரும்பாலானவை அவருடைய பெருமையைச் சொல்கின்றனவே தவிர, அவருடைய கை என்ன செய்தது என்பதைச் சொல்வதில்லை.

இன்னொரு விடயமும் உண்டு. நேர்காணலுக்குப் போன வீடுகளில், ‘இதையும் கேட்டுப் பாருங்கள்’ என்று பழைய கசற்றுகளைத் தருகிறார்கள். கோவில் வீதியில் யாரோ பதிவு செய்த மேளச்சமாக்கள் (மேளக் கச்சேரிகள்), திருமணக் கச்சேரிகள், வானொலியில் இருந்து எடுத்தவை என்று பலவும் அவற்றில் இருக்கின்றன. பலவற்றின் உறையில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்தும் 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதிலும் இருந்தும் சனம் இடம்பெயர்ந்தபோது எத்தனை வீடுகளில் இவை கைவிடப்பட்டிருக்கும் என்று எண்ணும்போது, மிஞ்சியதைக் கையில் வாங்கவே பயமாக இருக்கிறது.

இசைப் பயிற்சி இல்லாத வாசகருக்கும் புரியும்படி மேள வாசிப்பை எழுத்தில் கொண்டுவருவது எப்படி? இந்தக் கசற்றுகளை எப்படிக் கையாள வேண்டும், இவற்றை வெளியிட யாருடைய அனுமதி தேவை? நூலாக்குவதா, ஒலித்தொடராக்குவதா, அல்லது எல்லாவற்றுக்கும் முன்பு ஆவணப்படுத்துவதா என்பதிலும் உங்கள் அபிப்பிராயத்தை அறிய ஆவலாக உள்ளேன்.


மறுமொழி 1: ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர், மருதனார்மடம்

பிள்ளை, உங்கள் வீரமணி ஐயர் கட்டுரையை நான் வாசித்தேன். நல்ல உழைப்பு. இப்போது எடுத்திருக்கும் வேலை அதைவிடக் கடினமானது. அதைவிட அவசரமானதும் கூட.

மேளத்தைப் பற்றி எழுதுவது ஏன் இங்கே வளரவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் வயலினுக்கும் நம்மிடம் பாடத்திட்டம் இருக்கிறது, வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் இருக்கின்றன, இராமநாதன் நுண்கலைக் கழகம் இருந்தது. மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்த காலத்தில், பாடுவதைப் போலவே பாட்டைப் பற்றிப் பேசவும் ஒரு தலைமுறை பழகிக்கொண்டது. மேளமோ வீட்டுத் திண்ணையிலும் கோவில் வீதியிலும் வளர்ந்தது. கற்பித்தவரும் கற்றவரும் தவிலின் ஓசைகளை வாயால் சொல்லும் சொற்கட்டுகளால் பேசிக்கொண்டார்கள். வெளியில் இருப்பவருக்கு அதை விளக்க வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. ஆகவே நீங்கள் கேட்கின்ற கேள்விகள்தான் அவர்களைப் பேச வைக்க வேண்டும். ‘உங்களுக்குக் கிடைத்த விருதுகள் எவை?’ என்று கேட்டால் விருதுகளின் பட்டியல்தான் வரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு திருவிழாவின் ஒரே ஓர் இரவை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை நடந்ததைக் கேட்பேன். சுவாமி வசந்த மண்டபத்தில் இருந்து எழுந்தருளும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிக்கிறார்கள். சாகித்தியம் எதுவும் இல்லாத அந்த உருப்படியை எந்தக் காலப்பிரமாணத்தில் எடுத்தார்கள், மூன்று காலமும் செய்தார்களா, தவில் எந்த இடத்தில் சேர்ந்தது? கிழக்கு வீதியில் சுவாமி நிற்கும்போது இராகம் விரிகிறது. அப்போது தவில்காரர் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்? அந்த நிற்றலும் வாசிப்பின் பகுதிதான். நாதஸ்வரக்காரர் ஒரு பிடியை முடிக்கும் இடத்தைக் கண்டு மெல்ல ஒரு சொல்லை வைத்துவிட்டு விலகுவதைச் செய்யத் தெரிந்தவர்கள் எல்லோரும் பெரிய வித்துவான்களாகவே இருந்தார்கள். பிறகு பல்லவி, தனி. இரண்டு தவில்களோ நான்கு தவில்களோ மாறி மாறி வாசித்து, நடை மாற்றி, கோர்வை என்னும் கணக்கான முடிப்பை வைத்து நிறைவு செய்வது. ஒருவர் கண்டநடையில் (ஐந்தைந்தாக எண்ணும் நடையில்) விட்ட இடத்தை மற்றவர் எப்படி எடுத்தார், எடுக்க முடியாமல் போனால் என்ன செய்தார்? இவற்றைக் கேட்டீர்கள் என்றால் எண்பது வயதுக் கலைஞரும் நிமிர்ந்து உட்காருவார்.

அதோடு, அவருடைய பழைய பதிவை அவருக்கே போட்டுக் காட்டி, கேட்டுக்கொண்டே பேசச் சொல்லுங்கள். நினைவில் இருந்து பேசும்போது வராத நுட்பங்கள் காதால் கேட்கும்போது வந்துவிடும். ‘இந்த இடத்தில் அண்ணை என்னைப் பார்த்தார், அதனால்தான் நான் நிறுத்தினேன்’ என்பது போன்ற ஒரு வாக்கியம் கிடைத்தால் அதைச் சுற்றி ஒரு கட்டுரை முழுவதையும் எழுதலாம்.

வாசகருக்குப் புரியுமா என்று அதிகம் அஞ்ச வேண்டாம். மோரா, கோர்வை, ரக்தி ஆகிய சொற்களை அப்படியே பயன்படுத்துங்கள். முதன்முறை வரும் இடத்தில் ஒரு வரியில் விளக்குங்கள். ரக்தி என்பது ஏழு எண்ணிக்கையில் நகரும் மேளத்துக்கே உரிய உருப்படி என்று சொன்னால், கையில் தாளம் போட்டுப் பார்க்க விரும்பும் வாசகர் போட்டுப் பார்ப்பார். துடுப்பாட்டம் பற்றி எழுதுகின்றவர்கள் தங்கள் கலைச்சொற்களுக்காக வாசகரிடம் தயங்கி நிற்பதில்லை. நாம் ஏன் தயங்க வேண்டும்?


மறுமொழி 2: எண்ணிம ஆவணப்படுத்தலில் ஈடுபடும் தொண்டர், யாழ்ப்பாணம்

கசற்றுகள் குறித்து மட்டும் எழுதுகிறேன். தயவுசெய்து, கிடைத்த கசற்றைக் கிடைத்த பிளேயரில் உடனே போட்டுக் கேட்க வேண்டாம். முதலில் வெளிச்சத்தில் பிடித்து, நாடாவின் விளிம்பில் வெண்மையான பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் இது மிகவும் சாதாரணம். பூஞ்சணம் பிடித்த ஒரு கசற் பிளேயரின் தலையை அழுக்காக்கினால் அடுத்து வரும் கசற்றுகளுக்கும் அது பரவும். நாடாவைத் தலையோடு அழுத்துகின்ற சிறிய கம்பளித் துண்டு கழன்றிருந்தால் கூட்டை மாற்ற வேண்டும். திருகாணி உள்ள கூடென்றால் திறந்து நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றுவது இலகு. ஒட்டிய கூடென்றால் பழகியவரிடம் கொடுங்கள். 120 நிமிடக் கசற்றுகளின் நாடா மிகவும் மெல்லியது. அவற்றை வேகமாக முன்னும் பின்னும் சுற்றவே கூடாது.

பதிவு செய்யும்போது 24 பிற், குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ் அளவில் வேவ் கோப்பாக எடுங்கள். ஒலி ஆவணக் காப்பாளர்களின் சர்வதேச வழிகாட்டல்கள் குறைந்தபட்சமாகக் கேட்பது இதைத்தான். வட்டில் இடம் இருந்தால் 96 கிலோஹேர்ட்ஸ் இன்னும் நல்லது. ஒவ்வொரு கசற்றுக்கும் பிளேயர் தலையின் சாய்வைக் காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் தவிலின் வலந்தலை (வலப் பக்கத்து) ஓசை மங்கிவிடும்; உங்கள் வேலைக்கு அது மிகவும் தேவையானது. இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் பயன்படுத்தாதீர்கள். வீதியில் சனம் பேசுவதும், கோவில் மணியும், ஒலிபெருக்கியில் உபயகாரரின் பெயரை வாசிப்பதும் ‘இரைச்சல்’ என்று நீங்கிப் போனால், அது எந்த இரவு என்று கண்டுபிடிக்க இருந்த சான்றும் கூடவே போய்விடும். கேட்பதற்கான எம்.பி.3 பிரதியில் வேண்டியதைச் செய்துகொள்ளலாம். மூலக் கோப்பில் மூன்று பிரதிகள் வைத்திருங்கள். அவற்றுள் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும்.

தொண்ணூறுகளின் பதிவுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த அந்த ஆண்டுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டவர்கள் நாம். வலுக் குறைந்த மின்னில் ஓடிய கருவியில் நாடா மெதுவாக நகர்ந்திருக்கும். அதை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் வாசிப்பு விரைவாகவும் சுருதி உயர்ந்தும் கேட்கும். நீளமான பாரி நாதஸ்வரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியில் ஒலிப்பது. பதிவில் அது மூன்றரையில் கேட்டால் கலைஞர் அப்படி வாசித்தார் என்று எழுதிவிடாமல், முதலில் கருவியைச் சந்தேகியுங்கள். குடும்பத்தாரிடம் அந்த நாதஸ்வரம் இன்னும் இருந்தால் அதன் சுருதியோடு ஒப்பிட்டு வேகத்தைச் சரிசெய்யலாம். அந்தத் திருத்தத்தையும் பிரதியில் செய்யுங்கள். மூலம் அப்படியே இருக்கட்டும்.

உறையில் எதுவும் எழுதப்படாத கசற்றுகளுக்கு நாள் குறிக்க இரண்டு வழிகள் நம் ஊரிலேயே உண்டு. கோவில் மகோற்சவ விஞ்ஞாபனங்களில் எந்தத் திருவிழா யாருடைய உபயம், அன்றைக்கு மேளம் யார் என்பவை அச்சிடப்பட்டிருக்கும். பழைய விஞ்ஞாபனங்களைக் கோவில் முகாமையாளர்களும் சில பூசகர்களும் கட்டாக வைத்திருக்கிறார்கள். மற்றது, கலைஞர்கள் மறைந்த பின் முப்பத்தோராம் நாளில் வெளியிடப்படும் கல்வெட்டுகள். அவற்றில் வம்சாவளியும், உடன் வாசித்தவர்களின் இரங்கல் குறிப்புகளும் இருக்கும். நூலகம் நிறுவனம் 2005இல் இருந்து இத்தகைய வெளியீடுகளையும் எண்ணிமப்படுத்தி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பல்லூடக ஆவணங்களுக்கும் அவர்களிடம் தனியான தளம் உண்டு. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூற்று ஏழாயிரம் அளவான நூல்களும் சுவடிகளும் ஒரே இடத்தில் இருந்ததால் ஒரே இரவில் போயின. உங்கள் பதிவுகளை வீட்டில் ஓர் அலுமாரியில் மட்டும் வைத்திருக்க வேண்டாம் என்று நான் வலியுறுத்துவது அதனால்தான்.

நூலா, ஒலித்தொடரா என்ற கேள்விக்கு என் பதில், எல்லாவற்றுக்கும் முன்பு எண்ணிமப்படுத்துங்கள் என்பதே. நூல் அடுத்த ஆண்டும் வரலாம். நாடா காத்திருக்காது.


மறுமொழி 3: சட்டத்தரணி, யாழ்ப்பாணம்

உரிமை பற்றிய கேள்விக்குப் பொதுவான விளக்கம் தருகிறேன். குறிப்பிட்ட ஒரு பதிவில் பிணக்கு எழுந்தால் ஆவணங்களோடு ஒருவரை நேரில் சந்தித்து ஆலோசிக்க வேண்டும்.

இலங்கையில் இதற்குரிய சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு கசற்றில் மூன்று வகை உரிமைகள் அடுக்காக இருக்கின்றன. வாசிக்கப்பட்ட உருப்படியை இயற்றியவரின் உரிமை, அவருடைய வாழ்நாளுக்குப் பிறகு எழுபது ஆண்டுகள் வரை நிற்கும். தியாகராஜரின் கீர்த்தனை என்றால் இந்தச் சிக்கல் இல்லை. வீரமணி ஐயரின் பாடல் என்றால் உண்டு. இரண்டாவது, வாசித்த கலைஞரின் உரிமை. அது பதிவான ஆண்டுக்கு அடுத்து வரும் ஐம்பதாவது ஆண்டின் இறுதிவரை நீடிக்கும். 1974இல் பதிவான ஒரு சமாவுக்கு அது 2024இன் இறுதியோடு முடிந்தது. 1983இல் பதிவானதற்கு 2033 முடியும்வரை உள்ளது. மூன்றாவது, ஒலிப்பதிவைத் தயாரித்தவரின் உரிமை. யாழ் நகரத்து றெக்கோடிங் பார்களில் (கசற் பதிவுக் கடைகளில்) இருந்து வெளிவந்த கசற்றுகளிலும் வானொலியில் இருந்து எடுத்தவற்றிலும் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கட்டுரையில் விமர்சனத்துக்காகச் சிறு பகுதியை எடுத்துக்காட்டுவதற்கும், முழுப் பதிவையும் இணையத்தில் ஏற்றுவதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

சட்டப்படி காலம் கடந்திருந்தாலும் குடும்பத்தாரிடம் எழுத்தில் சம்மதம் பெறுங்கள். ஒரு பக்கத்தில், எளிய தமிழில் போதும்: இந்தப் பதிவை எண்ணிமப்படுத்தலாமா, ஆவணக் காப்பகத்தில் வைக்கலாமா, எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் விடலாமா, வருமானம் வந்தால் எப்படிப் பகிர்வது என்பவற்றைத் தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கையொப்பம் பெறுங்கள். உரையாடல் பதிவுகளுக்கும் இதுவே பொருந்தும். சிலர் ஏதாவது ஒரு பகுதியைத் தங்கள் காலத்துக்குப் பின்னர்தான் வெளியிட வேண்டும் என்று கேட்பார்கள்; அதற்கும் படிவத்தில் இடம் விடுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்களைப் போன்ற சுயாதீன எழுத்தாளர்களுக்கு மிக முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் சட்டத்தில், ஒருவர் கேட்டு எழுதுவித்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், எழுதுவித்தவரையே சேரும். ஊழியருக்கு மட்டுந்தான் அப்படி என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே ஒரு பத்திரிகை உங்களிடம் தொடர் ஒன்றைக் கேட்கும்போது, முதல் வெளியீட்டுக்கான உரிமையை மட்டுமே கொடுக்கிறீர்கள் என்றும், நூலாகவும் ஒலித்தொடராகவும் வெளியிடும் உரிமை உங்களிடமே இருக்கும் என்றும் ஒரு மின்னஞ்சலில் எழுதி, அவர்கள் ஒப்புக்கொண்டதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஏற்கனவே வெளிவந்த தொடருக்கும் இப்போதே கேட்டுப் பெறுவது நல்லது. நூல் அச்சுக்குப் போகும் வேளையில் இதைப் பேசத் தொடங்கினால் இருபக்கமும் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.


மறுமொழி 4: தவில்காரர் வீட்டுப் பிள்ளை, இணுவில்

அக்கா, உங்கள் தொடரில் எங்கள் உறவினர் ஒருவருடைய நேர்காணலும் வந்தது. அவருடைய பேச்சை மாற்றாமல் போட்டிருந்தீர்கள். வீட்டில் எல்லோருக்கும் அது மகிழ்ச்சியாக இருந்தது. அந்த உரிமையில் சில விடயங்களைச் சொல்கிறேன்.

இணையத்தில் எங்கள் ஊர் மேளச்சமாக்கள் ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கும்படி ஏற்றப்பட்டிருக்கின்றன. பலவற்றில் கோவிலின் பெயரும் ஒளிப்பதிவு செய்த நிறுவனத்தின் பெயரும் பெரிதாக இருக்கும். வாசித்தவர்களின் பெயர் இருக்காது. இருந்தாலும் முன்வரிசையில் நின்ற இரண்டு பேரின் பெயர்கள்தான். இரண்டாவது நாதஸ்வரம், இரண்டாவது தவில், தாளம் போட்டவர், சுருதி பிடித்தவர் ஆகியோரை யாரும் கேட்பதில்லை. என் தகப்பனார் பல ஆண்டுகள் பெரிய வித்துவான்களுக்குப் பக்கத் தவிலாகவே வாசித்தவர். பெரியவர் எவ்வளவு சிக்கலான கணக்கைப் போட்டாலும் பின்னால் நிற்பவர் தாளத்தை விடாமல் பிடித்திருந்தால்தான் அது நிற்கும். உங்கள் வேலையில் ஒவ்வொரு பதிவுக்கும் நின்ற அனைவருடைய பெயரும் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் தெரியாவிட்டால், இரண்டாவது தவில் யாரென்று அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டுப் போடுங்கள். சொல்வதற்கு ஊரில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேடையில் பொன்னாடை போர்த்திய அதே ஊரில், வீட்டுக்குள் எங்கே உட்காரலாம், எதில் தேநீர் தரப்படும் என்ற கணக்கும் எங்கள் பெரியவர்களுக்கு இருந்தது. கோவிலில் எத்தனை மணித்தியாலம் வாசித்தாலும் கூலியைப் பேரம் பேசித்தான் வாங்கினார்கள். கலைஞர்கள் இதை முதல் சந்திப்பில் சொல்ல மாட்டார்கள். அவர்கள் சொல்லாததை நீங்கள் எழுதவும் வேண்டாம். ஆனால் அவர்களாகச் சொன்னால், கட்டுரை இனிமையாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பகுதியை வெட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பலர் வேறு தொழிலுக்குப் போனதன் காரணம் அங்கேதான் இருக்கிறது.

கருவியைப் பற்றியும் எழுதுங்கள். நாதஸ்வரம் இன்றும் பெரும்பாலும் தமிழ்நாட்டில் கும்பகோணத்துக்கு அருகே உள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்யப்பட்டு வருகிறது. வாயில் வைத்து ஊதும் சீவாளியும் அந்தப் பக்கத்தில் இருந்தே வர வேண்டும். போர்க் காலத்தில் பாதை பூட்டியிருந்தபோது ஒரு சீவாளியை எத்தனை நாட்கள் வைத்து வாசித்தார்கள், தோல் கிழிந்த தவிலை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதற்கே ஓர் இரவு முழுவதும் கதை இருக்கிறது.

சந்திப்பதற்கு ஏற்ற காலத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் இருந்து ஆவணி வரை திருவிழாக்கள். நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாட்களுக்கு எவரையும் பிடிக்க முடியாது. மார்கழியில் திருமணங்கள் இல்லை. திருவெம்பாவைப் பூசையும் அதிகாலையிலேயே முடிந்துவிடும். அந்த மாதத்தில் காலை பத்து மணிக்குப் பிறகு வந்தால் ஆறுதலாக இருந்து பேசுவார்கள், வாசித்தும் காட்டுவார்கள்.


மறுமொழி 5: வாசகர், ஸ்காபுறோ

வணக்கம். எண்பதுகளில் வெளிநாடு வந்தவர்கள் பெட்டியில் உடுப்போடு சேர்த்துக் கொண்டுவந்தவற்றில் மேளக் கசற்றுகளும் இருந்தன. ஊரில் இடம்பெயர்வில் அழிந்துபோன பதிவுகளின் பிரதிகள் இங்கே நிலவறைகளில் இருக்கலாம். அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தை என் பிள்ளைகளுக்கு நான் அறிமுகப்படுத்தியது அப்படி வந்த ஒரு கசற்றைக் கொண்டுதான். இங்குள்ள ஊர்ச் சங்கங்கள் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் ஒன்றுகூடல் வைக்கின்றன. அவற்றில் அறிவித்தால் பலர் தருவார்கள் என்று நம்புகிறேன். ஆனால் கசற்றைத் தபாலில் அனுப்பச் சொல்லாதீர்கள். இங்கேயே எண்ணிமப்படுத்திக் கோப்பை அனுப்புவது பாதுகாப்பானது. மேலே தொண்டர் எழுதிய முறைப்படியே செய்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.


கேள்வி கேட்டவரின் பதில்

அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து ஒரு நூலாக்கலாம் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். ஆசிரியர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு திட்டத்தின் வடிவம் தெளிவாகிவிட்டது. ஓர் ஊர், ஒரு கோவில், ஒரு திருவிழா இரவு என்று எடுத்துக்கொண்டு, அந்த இரவின் பதிவை வாசித்தவர்களோடு இருந்து கேட்டு, அவர்கள் சொல்வதை மல்லாரி முதல் இறுதிவரை எழுதப் போகிறேன். கட்டுரையோடு ஒலியும் சேர்ந்து வெளிவரும். எந்த நிமிடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்பதைக் கட்டுரை சொல்லும். இப்படிச் சில இரவுகள் சேர்ந்த பிறகுதான் நூல் பற்றிய பேச்சு.

அதற்கு முன்பு கையில் உள்ள கசற்றுகள் அனைத்தையும் எண்ணிமப்படுத்தி முடிப்பேன். சம்மதப் படிவத்தின் வரைவை இந்த இழையிலேயே இடுகிறேன். சட்டத்தரணி அவர்களும் மற்றவர்களும் பார்த்துத் திருத்த வேண்டும். பத்திரிகைக்கு உரிமை குறித்த மின்னஞ்சலை இன்றே எழுதிவிட்டேன். இணுவில் தம்பி, உங்கள் தகப்பனாரின் பெயரோடும் அவர் வாசித்த இரவோடும் தொடங்க விரும்புகிறேன். வீட்டில் கேட்டு, அவர்களுக்குச் சம்மதம் என்றால் மார்கழியில் வருகிறேன். சீவாளிக் கதையைக் கேட்கும் இரவையும் நீங்களே குறித்துச் சொல்லுங்கள்.

ஓர் உதவியையும் கேட்கிறேன். இணுவில் கந்தசுவாமி கோவில், அளவெட்டி கும்பழாவளைப் பிள்ளையார் கோவில், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் ஆகியவற்றின் 1965 முதல் 1990 வரையான மகோற்சவ விஞ்ஞாபனங்கள் எவரிடமாவது இருந்தால், மேளம் வாசித்தவர்களின் பெயர்கள் உள்ள பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து இங்கே இட்டால் போதும். பக்கத்தின் மேலே உள்ள ஆண்டும் திருவிழா நாளும் படத்தில் தெரியும்படி எடுங்கள். மாவிட்டபுரத்து விஞ்ஞாபனங்கள்தான் மிக அரிதாக இருக்கின்றன. 1990இல் அந்தப் பகுதியை விட்டு வந்தவர்களின் வீடுகளில் பழைய பஞ்சாங்கங்களுக்கு இடையில் ஒன்றிரண்டு இருக்கக்கூடும், தயவுசெய்து ஒரு முறை தேடிப் பாருங்கள்.